கூரை மரத்தில் அழுகல்: கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

கூரையில் ஒரு கைமரம், அதாவது முகட்டிலிருந்து சுவருக்குச் சரிவாக இறங்கும் கட்டை, அழுகியிருப்பது தெரிந்ததும் பலரும் முதலில் ஆசாரியைக் கூப்பிட்டு, கெட்ட கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை போடச் சொல்கிறார்கள். கட்டை மாறிவிடும், பணமும் செலவாகிவிடும். சில வருடம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் புதுக் கட்டையும் மெத்தென்று ஆகியிருக்கும். மரத்தைத் தின்றது பூஞ்சைதான், ஆனால் அதற்கு அங்கே இடம் கொடுத்தது ஒழுகும் தண்ணீர். அதைத் தேடிப் பிடிக்காமல் எத்தனை கட்டை மாற்றினாலும் வேலை முடியாது. இந்தக் கட்டுரை திரும்பத் திரும்பத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு அதுதான் காரணம்.

அழுகல் பூஞ்சையின் வித்துத்தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றில் எங்கும் மிதக்கிறது. அது வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அந்தத் தூளால் எதுவும் செய்ய முடியாது. 28, 30 சதவீதத்தை ஒட்டி ஈரம் பல வாரம் நின்றால்தான் அது முளைக்கும். ஒருமுறை வேர்விட்டுவிட்டால் அதற்குக் கொஞ்சம் குறைந்த ஈரத்திலும் தொடர்ந்து வளரும். நல்ல காற்றோட்டமுள்ள கூரையில் மரம் சாதாரணமாக 12 முதல் 18 சதவீதத்துக்குள் இருக்கும். மழையில் ஒருநாள் நனைந்து மறுநாள் காய்ந்துவிடும் மரத்துக்கு ஆபத்து குறைவு. நனைந்து, காய வழியில்லாமல் கிடக்கும் மரம்தான் அழுகும்.

ஏறுவதற்கு முன்

மச்சுக்குள், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்குள், பகலில் ஏறுங்கள். வெளிச்சம் உள்ளே கசிகிற ஓட்டை எல்லாம் தண்ணீரும் கசிகிற ஓட்டையாக இருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று சுற்றிப் பார்த்தால் பாதி விஷயம் அப்போதே தெரிந்துவிடும்.

கால் வைப்பது சட்டங்களின் மேல் மட்டும்தான். நடுவில் உள்ள சீலிங் பலகை உங்கள் எடையைத் தாங்காது. சட்டமே அழுகியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், இரண்டு மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கனமான பலகையைப் போட்டு அதன்மேல் நகருங்கள். அழுகல் இருப்பதாகச் சந்தேகப்படும் கூரையின் மேல், ஓட்டுப் பக்கமாக, ஏறவே ஏறாதீர்கள். தூசிக்கு என்95 மாஸ்க், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. பழைய மின்கம்பிகள் உள்ளே ஓடினால் மெயினை அணைத்துவிட்டு ஏறுவது நல்லது. கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்த வேலையை அதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், ஒரு ஸ்க்ரூட்ரைவர் அல்லது குத்தூசி, சின்னச் சுத்தியல், டேப், சாக்பீஸ், படம் எடுக்க போன். முடிந்தால் மரத்தின் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று. இரண்டு ஊசி உள்ள சாதாரண வகையே போதும். இந்த வேலையில் பணம் போட்டு வாங்கத் தகுந்த ஒரே கருவி அதுதான் என்பேன்.

எங்கே தேடுவது

கூரை முழுக்கச் சமமாகத் தேட வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கும் இடங்கள் சிலதான். முதலில் சுவரின் தலையில் படுக்கவைத்திருக்கும் கட்டையையும் அதன்மேல் உட்காரும் கைமரங்களின் அடிக்காலையும் பாருங்கள். பீலியில், அதாவது கூரை நீரை வாங்கி ஓடவிடும் ஓரத்துக் கால்வாயில், இலை அடைத்து நீர் பின்னோக்கி வழிந்தால் முதலில் நனைவது இந்த இடம். செங்கல் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனைகளும் அப்படித்தான். சுவர் ஈரத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும், அந்த முனைக்குக் காற்று படவே படாது. வெளியே தெரியும் பகுதி நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மட்டும் மக்கிப்போயிருக்கும்.

அடுத்து, கூரையின் இரண்டு சரிவுகள் ஒன்றோடு ஒன்று சேரும் பள்ளம். இரு பக்க நீரும் அங்கே சேர்ந்து ஓடுவதால், பள்ளத்தில் பதித்திருக்கும் தகட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கீழே உள்ள மரம் ஊறிவிடும். புகைபோக்கி, கூரை ஜன்னல், குழாய் வெளியே போகும் துளை, கூரை ஒரு சுவரில் போய் முட்டும் ஓரம், இவற்றைச் சுற்றியும் பாருங்கள். மச்சில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

மழையே இல்லாமலும் கூரை நனையும். இதைப் பலர் யோசிப்பதில்லை. குளியலறை, சமையலறை ஈரக்காற்றை இழுக்கும் விசிறியின் குழாயை வெளியே விடாமல் மச்சுக்குள் விட்டிருப்பார்கள். குளிர்காலத்தில் அந்த ஆவி ஓட்டின் அடியிலும் ஆணி முனைகளிலும் துளித்துளியாகப் படியும். ஆணிகளெல்லாம் துருப்பிடித்து, பலகை முழுக்கக் கருந்திட்டு பரவலாக இருந்தால் ஒழுகலைவிட ஆவியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒழுகல் ஒரு புள்ளியைச் சுற்றிக் கறை போடும், ஆவி பரவலாக நனைக்கும்.

மரத்தைச் சோதிப்பது

பார்ப்பது, முகர்வது, தட்டுவது, குத்துவது, அளப்பது என்ற வரிசையில் போங்கள். மூடிக்கிடந்த மச்சைத் திறந்ததும் காளான் வாசனை மூக்கில் ஏறினால் எங்கோ பூஞ்சை உயிரோடு இருக்கிறது. சுத்தியலால் தட்டும்போது நல்ல மரம் கணீரென்று திருப்பிச் சொல்லும், கெட்ட மரம் மொத்தென்று சத்தத்தை விழுங்கிவிடும்.

குத்திப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நேராகக் குத்தினால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்றுதான் தெரியும். அதோடு, குத்தூசியைச் சாய்வாகச் செருகி ஒரு சிராயைப் பெயர்த்துப் பாருங்கள். நல்ல மரத்தில் நீளமான சிராய் படக்கென்ற சத்தத்துடன் பிளந்து வரும். அழுகல் தொடங்கிய மரத்தில் சத்தமே இல்லாமல் குட்டையாக, குறுக்கே ஒடிந்து வரும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மரத்திலும் இந்தச் சோதனை ஆரம்ப அழுகலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டரில் 20க்கு மேல் காட்டினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, எண்ணையும் தேதியையும் எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஊசி மறைந்திருக்கும் ஆணியில் பட்டாலோ, மரத்தில் உப்பு அல்லது பழைய மருந்து ஊறியிருந்தாலோ எண் கூடுதலாகக் காட்டும். சுவரில் குத்தி வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அந்த மீட்டர் மரத்துக்காகச் செய்தது, செங்கல்லில் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும்.

கெடுத்தது எது?

மருந்து வாங்குவதற்கு முன் இதைத் தீர்மானித்துவிட வேண்டும். மண்ணால் கட்டிய குழாய்ப்பாதை மரத்தின் மேல் ஓடினால் அது கரையான். உள்ளே நார்ப்போக்கிலேயே குடைந்து, மெல்லிய தாள் தாளாக விட்டுவைத்திருக்கும். உருண்டையான சின்னத் துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு. துணியால் துடைத்தால் போய்விடும் கரும்புள்ளிகளும் பச்சைப் படலமும் வெறும் பூசணம்தான். அது மரத்தின் பலத்தைக் குறைப்பதில்லை, ஆனால் ஈரம் இருக்கிறது என்று சொல்கிறது.

அழுகலிலேயே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈர அழுகல் நனைந்த இடத்தோடு நின்றுவிடும். நனையாத மரத்துக்குத் தாண்டாது, தண்ணீரை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். உலர் அழுகல் என்பது செர்புலா லாக்ரிமான்ஸ் என்ற பூஞ்சையின் வேலை. இது ஈரமான இடத்தில் தொடங்கி, சாம்பல் நிற இழைகளை நரம்பு மாதிரி நீட்டி, செங்கல், சாந்து, இரும்பு எல்லாவற்றையும் தாண்டிப் போய் அடுத்த மரத்தைப் பிடிக்கும். சில இழைகள் பென்சில் தடிமன்கூட இருக்கும். தனக்குத் தேவையான தண்ணீரையும் அந்த இழைகள் வழியாகவே கொண்டுபோகும்.

அதன் அடையாளங்கள் இவை: கெட்ட மரம் பழுப்பாகி, நார்ப்போக்கிலும் குறுக்கிலும் ஆழமாக வெடித்து, எரிந்த கரிக்கட்டை மாதிரி கட்டங்கட்டமாகப் பிரிந்திருக்கும். விரலால் நசுக்கினால் தூளாகும். மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதைப் பிணைக்கும் லிக்னினை மட்டும் விட்டுவைப்பதால்தான் அந்தப் பழுப்பு நிறம். ஈரமான மூலைகளில் பஞ்சு போன்ற வெள்ளைப் படர்வு, சில இடத்தில் மஞ்சள் அல்லது ஊதாத் திட்டு தெரியும். முற்றிய நிலையில், நடுவில் துரு நிறமும் ஓரத்தில் வெள்ளையுமாகத் தட்டையான சதைப்பற்றான காளான் வரும். அதிலிருந்து கொட்டும் வித்துதான் மச்சில் உள்ள பொருட்களின் மேல் செம்பழுப்புத் தூசியாகப் படிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையை எடுத்துக் காயவைத்து வளைத்துப் பாருங்கள். உலர் அழுகலின் இழை காய்ந்தால் சட்டென்று முறியும். ஈர அழுகல் பூஞ்சையின் இழை பெரும்பாலும் வளையும்.

வெப்பமும் ஒரு தடயம். இந்தப் பூஞ்சை 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளுமையில்தான் நன்றாக வளரும், 26 டிகிரியைத் தாண்டினால் திணறும், 40 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் செத்துவிடும். இமயமலைக் காடுகளில் விழுந்துகிடக்கும் மரங்களில் இயற்கையாகவே வளர்கிறது. அதனால் வெயில் நேரடியாக ஓட்டில் அடிக்கும் சூடான கூரையில் கட்டங்கட்டமான பழுப்பு அழுகலைப் பார்த்தால், அது இதே மாதிரி மரத்தைத் தின்னும் வேறு பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். சுவருக்குள் இழையைத் துரத்திக்கொண்டு போகும் வேலை மட்டும் இருக்காது.

தண்ணீரை நிறுத்துவது

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளே வந்த நீர் கைமரத்தின் அடிப்பக்கமாக ஓடி, ஓடுகளைத் தாங்கும் ஒரு ரீப்பர் சட்டமோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். கறையிலிருந்து மேல்நோக்கி, முகட்டுப் பக்கமாகத் தேடுங்கள். மழை இல்லாத நாளில் இரண்டு பேர் சேர்ந்து சோதிக்கலாம்: ஒருவர் தரையிலிருந்தோ பத்திரமான ஏணியிலிருந்தோ ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடமாவது நீர் விட வேண்டும். இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு பார்க்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது.

நகர்ந்த ஓடுகளைச் சேர்ப்பது, முகட்டுச் சாந்தை மறுபடி பூசுவது, பீலியைச் சுத்தம் செய்து சரிவைச் சரிபார்ப்பது, கிழிந்த தகட்டை மாற்றுவது என்று காரணம் எதுவோ அதை முழுமையாகச் செய்துவிடுங்கள். தகட்டுக் கிழிசலில் சிலிக்கான் பிதுக்கிவிடுவது ஒரு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான். விசிறிக் குழாய் மச்சில் திறந்திருந்தால் அதை வெளியே நீட்டுங்கள். இறவாணத்தில், அதாவது கூரை சுவரைத் தாண்டி நீளும் ஓரத்தில், காற்றுப் போகும் இடைவெளியைக் குளிர்காப்புப் பஞ்சோ பழைய சாமானோ அடைத்திருந்தால் விலக்குங்கள்.

அப்புறம் காயவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தோற்கும் இடம் இதுதான். கனமான உத்தரம் காய மாதக்கணக்காகலாம். ஊறிய செங்கல் சுவருக்கு, தடிமனில் 25 மி.மீ.க்கு ஒரு மாதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும். இந்த நேரத்தில் தார், பெயின்ட், பிளாஸ்டிக் ஷீட் எதையும் ஈர மரத்தின் மேல் போடக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு அது மூடி போடுவதாகிவிடும்.

நீங்களே செய்யலாமா?

ரீப்பர், ஓரப்பலகை, ஒன்றிரண்டு கைமரத்தின் அடிக்கால் என்றால், கைவேலை தெரிந்தவர் ஓர் ஆசாரியின் துணையோடு செய்யலாம். முகட்டு வரிசை தொய்ந்திருந்தால், அடுத்தடுத்து மூன்று நான்கு கைமரம் கெட்டிருந்தால், பெரிய குறுக்கு உத்தரம் அல்லது முகட்டு உத்தரமே கெட்டிருந்தால், கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்காமல் கைவைக்காதீர்கள். மெல்லிய சட்டங்களைப் பல் பதித்த இரும்புத் தகடுகளால் இணைத்து, ஆலையில் செய்த முக்கோணச் சட்டகம் உங்கள் கூரையில் இருந்தால் அதில் ஒரு சட்டத்தைக்கூட அறுக்கக் கூடாது. ஒன்றின் பாரத்தை இன்னொன்று தாங்கும்படி கணக்குப் போட்டுச் செய்தது அது.

முட்டு கொடுத்து வெட்டுவது

வெட்டுவதற்கு முன் முட்டு. கெட்ட பகுதிக்கு இரண்டு பக்கமும், நல்ல மரம் இருக்கும் இடத்தில், திருகி உயரம் கூட்டும் இரும்பு முட்டுகளை நிறுத்துங்கள். முட்டின் கால் சீலிங் பலகையிலோ வெறும் டைல்ஸிலோ நிற்கக் கூடாது. கீழே பாரம் தாங்கும் சுவரோ தரையோ வரை பாரம் இறங்க வேண்டும். அடியிலும் தலையிலும் கனமான பலகை வைத்தால் பாரம் பரவும். முட்டின் தலை மரத்தை இறுக்கமாகத் தொடும் அளவுக்குத் திருகினால் போதும். தொய்ந்த கூரையை ஒரே நாளில் நிமிர்த்தப் பார்த்தால் வேறு எங்காவது விரிசல் விழும், ஓடும் பெயரும்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஈர அழுகல் என்றால் மெத்தென்ற பகுதியை எடுத்து, உறுதியான மரம் வரும் இடத்தில் நிறுத்தலாம். உலர் அழுகலுக்குக் கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தாண்டி ஒரு மீட்டர் வெட்ட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது பலரும் 30 முதல் 45 செ.மீ. போதும் என்கிறார்கள். ஈரத்தை நிஜமாகவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் இந்தக் குறைந்த அளவே சரி என்பது என் எண்ணம். பழைய, முற்றிய மரத்தை வீணாக வெட்டி எறிய வேண்டியதில்லை. வெட்டிய முகத்தைப் பாருங்கள். பழுப்புக் கோடோ திட்டோ தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கள்.

எடுத்த கட்டைகளையும் தூளையும் பையில் கட்டி உடனே வெளியேற்றுங்கள். இழைகள் சுவருக்குள் போயிருந்தால், அவை முடியும் இடம்வரை சுவர்ப்பூச்சை உடைத்தெடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு காலத்தில் சுவர் முழுக்கத் துளைபோட்டு மருந்தை ஊற்றி நிரப்புவார்கள். அது சுவரை இன்னும் ஈரமாக்கியதுதான் மிச்சம். மேற்பரப்பில் மருந்து அடித்து, சுவரைக் காயவிட்டு, புது மரம் சுவரைத் தொடாமல் வைப்பதே மேல்.

மருந்து

போரான் உப்பு சேர்ந்த மருந்து போதும். நீரில் கரைந்து, கொஞ்சம் ஈரமுள்ள மரத்துக்குள் தானாகவே ஊடுருவும் என்பது அதன் நல்ல குணம். மழை நேரடியாகப் படும் மரத்தில் கரைந்து போய்விடும் என்பது அதன் குறை. மிச்சம் இருக்கும் நல்ல மரத்துக்கு, வெட்டிய இடத்தைச் சுற்றி, டப்பாவில் சொன்ன அளவில் இரண்டு முறை தாராளமாகப் பூசுங்கள். சுவரை ஒட்டிய கனமான முனைகளுக்குத் துளை போட்டு உள்ளே வைக்கும் போரான் குச்சிகளும் கிடைக்கின்றன. பின்னால் ஈரம் வந்தால்தான் அவை கரைந்து வேலை செய்யும். மருந்து ஊறிய மரத்தில் மீட்டர் எண் கூடுதலாகக் காட்டலாம் என்பதை நினைவில் வையுங்கள். பிளீச்சிங் தண்ணீர் மேலே உள்ள நிறத்தை மட்டும்தான் போக்கும், உள்ளே இருக்கும் பூஞ்சையை எட்டாது.

புதுக் கட்டை

எளிய முறை, கெட்ட கைமரத்தின் பக்கவாட்டில் அதே உயரமும் தடிமனும் உள்ள புதுக் கட்டையைச் சேர்த்து இறுக்குவது. கட்டையின் ஒரு முனை சுவர்மேல் உள்ள கட்டையில் நன்றாக உட்கார வேண்டும். மறுமுனை, அழுகல் முடிந்து நல்ல மரம் தொடங்கும் இடத்தைத் தாண்டி 60 முதல் 90 செ.மீ.யாவது நீள வேண்டும். கூரையின் பாரம் கூடினால் அதற்கு மேலும் தேவைப்படும். ஆணியை மட்டும் நம்பாமல் 12 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர் போட்டு இறுக்குங்கள். போல்ட்டுகளை ஒரே நேர்கோட்டில் வைத்தால் அந்தக் கோட்டிலேயே மரம் பிளக்கும், அதனால் மேலும் கீழுமாக மாற்றி மாற்றித் துளை போடுங்கள். கூரை வெளியே தெரியும் அழகு வேலைப்பாடு என்றால் மரத்தைச் சாய்வாக வெட்டி ஒட்டுப்போடலாம், ஆனால் அது கைதேர்ந்த ஆசாரியின் வேலை. எபாக்ஸி என்ற பிசின் பூச்சு சின்னக் குழிகளை அடைக்க நல்லது, பாரம் தாங்காது.

புதுக் கட்டை காய்ந்ததாக, அழுத்தத்தில் மருந்து ஏற்றியதாக இருக்கட்டும். அளவுக்கு அறுத்ததும் அறுத்த முகங்களில் மறுபடி மருந்து பூசுங்கள். மருந்து மேல்தோலில்தான் இருக்கும், அறுத்த இடத்தில் மருந்து ஏறாத மரம் திறந்துவிடும். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் சாதா இரும்பு சீக்கிரம் அரிக்கும், துத்தநாகம் நன்றாகப் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே போடுங்கள். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி விரற்கடை காற்று இடைவெளி விட்டு, அடியில் ஈரம் ஏறாத ஷீட் ஒரு துண்டு வையுங்கள். முடிந்தால் சுவருக்குள் புதைக்காமல் இரும்புத் தாங்கியில் உட்கார வைத்துவிடலாம்.

மூடுவதற்கு முன்

ஓடுகளை மறுபடி வேயும்போது அடியில் ஷீட் போடுவதானால், நீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இறவாணம் நெடுக 10 முதல் 25 மி.மீ. இடைவெளி தொடர்ச்சியாக இருக்கட்டும், சரிவு குறைந்த கூரைக்குக் கூடுதலாக. பூச்சி, பறவை வராமல் வலை அடியுங்கள்.

சீலிங்கையும் சுவர்ப்பூச்சையும் அவசரப்பட்டு மூடாதீர்கள். பலத்த மழை ஒன்று பெய்து முடிந்த மறுநாள் உள்ளே ஏறி, முன்பு சாக்பீஸ் வட்டமிட்ட அதே இடங்களை அளந்து பாருங்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டிலும் 18க்குக் கீழே வந்தால் மூடலாம். அப்போதும் கைமரத்தின் அடிக்காலைப் பார்க்கும் அளவுக்கு ஒரு சின்னக் கதவை விட்டுவையுங்கள். முதல் வருடம் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும், பிறகு வருடத்துக்கு இரண்டு முறை பீலியைச் சுத்தம் செய்யும்போதும், அதன் வழியே டார்ச் அடித்துப் பார்த்து, எண்ணையும் தேதியையும் மரத்திலேயே எழுதிவிடுங்கள்.